ரம்பம் கத்தினால் கரண்டு

எங்கள் தெருவில் கரண்டு வந்துவிட்டதா என்று யாரும் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. அனந்தநாதன் பட்டறையில் ரம்பம் கத்தும். கத்தினால் வந்துவிட்டது. மூலையில் மாவு மில் வைத்திருந்த காசியம்மாள் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்துபோய் தன் மிஷினைப் போடுவாள். மிளகாய் அரைக்க வந்தவர்கள் புளியமரத்தடியில் பாத்திரத்தோடு உட்கார்ந்து, "நயினாரு ரம்பம் இன்னும் கத்தலியே" என்று அங்கலாய்ப்பார்கள்.

நான் அந்தப் பட்டறைக்கு நேர் எதிரே தையற்கடை வைத்திருந்தேன். பலராமன் டைலர் என்றால் அவலூர்பேட்டை ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். சொன்ன தேதியில் துணி தராதவன் என்று தெரியும். என்னுடையது காலால் மிதிக்கிற மிஷின். கரண்டு எனக்கு ஒரே ஒரு பல்புக்குத்தான். அதனால் கரண்டு போன நேரத்தில் தெருவில் வேலை செய்துகொண்டு, தலையை நிமிர்த்தினால் எதிர்ப் பட்டறை மொத்தத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். பார்த்தவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பார்த்ததைத் தவிர நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் வைகாசி மாதம். அணையில் தண்ணீர் இல்லை என்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். ஆறு மணிக்கு விடுவதாகக் கணக்கு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தெருவுக்கு மேற்கே நிற்கிற மலை பகல் முழுக்கக் குடித்த சூட்டைச் சாயங்காலம் ஊர்மேல் திருப்பிக் கொட்டும். துணியில் வியர்வை சொட்டாமல் தைப்பதே பெரிய பாடு.

அனந்தநாதனைத் தெருவில் நயினார் என்றுதான் கூப்பிடுவோம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, ஒரு பழைய மேசை ரம்பத்தை வாங்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கியவர். இரும்பு மேசை, நடுவில் பிளவு, பிளவுக்கு மேலே பாதி தெரிகிற வட்ட ரம்பம், அடியில் மோட்டார். மரம் அறுப்பது உயிர்க்கொலையில் சேர்ந்த தொழில் என்று அண்ணன் மல்லிநாதனுக்குக் கோபம். பட்டறைக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். போகும்போது, இந்தத் தொழில் உன்னைச் சும்மா விடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் நயினாருக்கு எப்படி இருந்ததோ, அவர் சம்சாரம் தர்மதேவிக்கு அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

உயிர்க்கொலை என்று அவரைச் சொல்வது அநியாயம். ஒரு கட்டையை மேசையில் ஏற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் தட்டுவார். பொந்து இருந்தால் ஈர்க்குச்சியை விட்டுப் பார்ப்பார். வண்டு வந்தால் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வேலியோரம் விட்டுவிட்டு வருவார். அறுக்கக் கொடுத்தவன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். விளக்கு வைத்தால் பூச்சிகள் வந்து விழுந்து சாகும் என்று பட்டறையில் ஒரு பல்புகூடப் போடவில்லை. பொழுதோடு வேலையை முடித்து, பொழுதோடு சாப்பிட்டு, பொழுதோடு பூட்டிக்கொண்டு போகிறவருக்குப் பல்பு எதற்கு?

வினையே அந்தப் பல்பு இல்லாததில்தான் இருந்தது. பல்பு இல்லாத பட்டறையில் கரண்டு வந்தது எப்படித் தெரியும்? அதற்காக நயினார் மிஷின் ஸ்விட்சை எப்போதும் மேலே தூக்கியே வைத்திருந்தார். வாசல்கதவை ஒட்டி, என் கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில் இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி. கைப்பிடி மேலே இருந்தால் கரண்டு வந்த நிமிஷமே ரம்பம் தானாகச் சுற்றும். அவர் எங்கே இருந்தாலும் காதில் விழும். தெருவுக்கும் விழும். எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. காசியம்மாள் தன் ஸ்விட்சை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லாருடைய சௌகரியத்துக்கும் நயினாரின் கைதான் அடமானம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஏனென்றால் கரண்டு இல்லாத அந்த நாலு மணி நேரத்தை அவர் வீணாக்குவதில்லை. ரம்பத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவுவார். அந்தக் காலத்து எஃகு ரம்பம், ஒருநாள் தேக்கு அறுத்தாலே மழுங்கிவிடும். ராவி முடித்துத் திரும்ப மாட்டுவார். கழற்றும்போதும் மாட்டும்போதும் பத்து விரலும் பல்லின் மேல்தான் இருக்கும். ஸ்விட்சும் மேலேயேதான் இருக்கும்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள், மாட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். ஸ்பேனர் மரையிலேயே மாட்டியிருந்தது. மணி நாலு இருக்கும். கரண்டு வந்துவிட்டது. ரம்பம் ஒரு கத்து கத்தியது. ஸ்பேனர் பறந்துபோய்க் கூரை ஷீட்டைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் விழுந்தது. நயினார் செம்பும் கையுமாக நின்றார். காசியம்மாள் மில்லைப் போட்டாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கூரையில் விழுந்த அந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு வட்டமாக மேசைமேல் விழும். மறுநாள் சாப்பாடு கொண்டுவந்த தர்மதேவி அந்த வட்டத்தைப் பார்த்தாள், அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தாள், புருஷனிடம் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பொய் சொல்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. திரும்பிப் போகும்போது என் கடை வாசலில் நின்றாள்.

"அண்ணே, அந்த ஓட்ட எப்டி ஆச்சு?"

நான் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஸ்பேனர் பறந்துவிட்டது, அந்த நேரம் அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார், ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

"போவாம இருந்திருந்தா?"

அவள் தூக்குக் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பூச்சிக்கு அவ்ளோ பாக்கறாரு. தன் கைக்குப் பாக்கமாட்டேன்றாரு. ஒரு வெரலு போனாக்கூட ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா? செஞ்ச வினைக்குக் கெடச்சிதுன்னு அவரு அண்ணனே சொல்லுவாரு. அத்த அவரு தாங்கமாட்டாருண்ணே. வெரலு போனதக்கூட தாங்கிக்குவாரு. நீங்க எதுருலயேதான உக்காந்துகினு இருக்கீங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. இரண்டு மணி அடித்து நயினார் ஸ்பேனரை எடுத்தால் என் கால் மிஷினை மிதிக்காது. காலர் கோணும், காஜா பெரிதாகிவிடும். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ஸ்விட்சை இறக்கிவிட்டு ராவினால் என்ன நயினாரே என்று தெருவைத் தாண்டிப்போய்க் கேட்டேன். அவர் அரத்தை நிறுத்தாமல், ஊசியில் நூலைக் கோக்கிற வேலையைப் பார் டைலரே என்றார். நான் திரும்பி வந்து ஊசியில் நூலைக் கோத்தேன்.

தர்மதேவி நேரடியாகவே செய்து பார்த்தாள். சாப்பாடு கொண்டுவந்தவள் போகிறபோக்கில் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டாள். நயினாருக்கு வந்ததே கோபம். ஆசாரி தசரதன் பலகையோடு நின்றிருக்கிறான். அவன் முன்னாலேயே சொன்னார்:

"கரண்டு வந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவா, உங்கப்பனா?"

எழுந்துபோய்க் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். பாத்திரங்களை அடுக்கினாள். தெருவில் இறங்கியபோது முகம் சிவந்திருந்தது. தசரதன் பலகையில் இல்லாத ஆணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

வைகாசி அமாவாசையன்று காலையில் ஒரு வெள்ளைத் துணியோடு என் கடைக்கு வந்தாள். தண்ணீர் வடிகட்டுகிற துணி, ஓரம் அடிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் வடிகட்டாத தண்ணீரை வாயில் வைக்க மாட்டார்கள். நான் அடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"சுச்சு மேலயே இருக்கணும், மிஷினு மட்டும் ஓடக்கூடாது. அதுக்கு எதுனா வழி கீதாண்ணே?"

இந்தக் கேள்வியை எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தாளோ. என் போர்டில் இருந்த பீஸ் கட்டையைக் காட்டினேன். வெள்ளைப் பீங்கான் கட்டை, அதைப் பிடுங்கிவிட்டால் கரண்டுக்குப் போக வழி கிடையாது. நயினார் மிஷினுக்கு இதுபோல் மூன்று இருக்கும், ஸ்விட்சுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே. சொல்லிவிட்டேனே தவிர எனக்கே பயம் வந்துவிட்டது. அடுப்பைத் தவிர நெருப்பு தெரியாத பெண்ணுக்குக் கரண்டைத் தொடச் சொல்லிக்கொடுத்து, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

"கரண்டு இல்லாதப்போ மட்டும்தாம்மா. மொதல்ல என் பல்பப் பாரு. நான் அணைக்காமயே வெச்சிருக்கேன். எரியலன்னாதான் கைய வெக்கணும். எரிஞ்சா தொடாத."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. நாலரை, ஐந்து மணிக்கு வருவாள். படியில் நின்று என் பல்பைப் பார்ப்பாள். நயினார் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், முதுகு வாசலுக்கு. கதவோரம் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டைகளைப் பிடுங்கித் தூக்குக் கேரியரின் காலி மேல்தட்டில் வைத்து மூடுவாள். அப்புறம் அவர் ராவி முடித்து, மாட்டி, மரையை இறுக்குகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்வாள், இல்லாவிட்டால் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை உரிப்பாள். சாப்பிட வைப்பாள். போகும்போது திரும்ப என் பல்பைப் பார்த்துவிட்டு மூன்றையும் சொருகிவிட்டுப் போவாள். ஆறு மணிக்கு ரம்பம் கத்தும். நயினாருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது ஒன்றுதான் என் வேலை.

அவள் வருவதற்குள் அவர் மாட்ட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று தினம் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் கை கட்டையில் இருக்கும்போது கரண்டு வந்துவிட்டால் என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு பேன்டின் இரண்டு காலையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

பௌர்ணமிக்கு முதல் நாள். மலை சுற்ற வருகிற கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஜாஸ்தியாகிக்கொண்டிருந்த காலம். அதை நம்பி ஒருவர் புதிதாக லாட்ஜ் கட்டியிருந்தார். பௌர்ணமியன்று திறப்பு. கதவு வேலை தசரதனுடையது. பிளைவுட்டை அறுக்க நயினாரிடம் கொண்டுவந்தான். காலையில் அவசரத்துக்கு இருந்த ரம்பத்திலேயே ஒன்றை அறுத்தார்கள். இருபத்து நாலு பல், தேக்கை நீளவாக்கில் கிழிப்பதற்கானது. பிளைவுட்டை அது கடித்துத் துப்பிவிட்டது. ஓரமெல்லாம் எலி கடித்தது போல் ஆயிற்று. நயினார் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இதற்கு எண்பது பல் வேண்டும், பல் கம்மியாக இருப்பதை வைத்து அறுத்தால் பலகை துள்ளி மூஞ்சியில் அடிக்கும் என்றார். தசரதனை வேலூருக்கு அனுப்பினார். துளை அளவு எழுதிக் கொடுத்தார். துளை பெரிதாக இருந்தால் உள்ளே போடுகிற வளையத்தையும் சேர்த்து வாங்கி வா, தகரம் கிகரம் சுற்றிக்கொள்ளலாம் என்று வந்து நிற்காதே என்று இரண்டு தடவை சொன்னார். எல்லாவற்றிலும் அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

தசரதன் நாலரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். நயினார் காகிதத்தைப் பிரித்து, புது ரம்பத்தைத் துளையில் விரல்விட்டுத் தொங்கப்போட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. விரிசல் இல்லை என்று தலையாட்டினார். உடனே பழையதைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். பல்லுக்கு நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார், ஸ்பேனரை மாட்டினார். ரம்பம் சுற்றுகிற பக்கமே திருப்பினால்தான் அந்த மரை கழலும். கழன்றது.

தர்மதேவி வரவில்லை. நான் தெருமுனையைப் பார்த்தேன். பல்பைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். போய் அந்தக் கைப்பிடியை இறக்கிவிட்டு வந்தால் என்ன? என்னை அடித்துவிடுவாரா? எழுந்து நின்றேன். அப்படியே உட்கார்ந்தேன். ஒரு மனுஷன் கை போவதைவிட, தசரதன் முன்னால் நான் ஒரு பேச்சு வாங்குவது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. வேறு என்ன சொல்ல?

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். கிட்டத்தட்ட ஓட்டம். குழாயில் தண்ணீர் வர நேரமாகிவிட்டதாம், அதையும் வடிகட்ட வேண்டுமே. படியில் நின்று என் பல்பைப் பார்த்தாள். எரியவில்லை. கதவோரம் போனாள், தசரதன் புது ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது இறுகிக்கொண்டு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வந்தது. மேல்தட்டில் வைத்து மூடினாள். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

நயினார் புது ரம்பத்தை அச்சில் ஏற்றினார். மேலே தெரிகிற பல் அறுக்கிறவரைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் பலகையைத் தூக்கும் என்று தசரதனுக்குச் சொல்லிக்கொண்டே வளையத்தைச் சொருகினார். மரையை இறுக்கினார். முட்டுக்கட்டையை எடுத்தார். ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க, பல்லிலேயே விரலை வைத்து மெல்ல ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று.

என் பல்பு எரிந்தது.

மணி ஐந்தேகால்கூட ஆகவில்லை. நான் பல்பையே பார்த்தேன். பிறகு எதிரே பார்த்தேன். தர்மதேவியும் என் பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அவரைக்காய். நயினார் குனிந்தபடி மூன்றாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தார், இரண்டு கை விரலும் பல்லின் மேலே. பட்டறையில் சத்தமே இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சு ஏறி இறங்குவது எனக்குத் தெருவைத் தாண்டித் தெரிந்தது.

யாரும் எதுவும் சொல்லியிருக்காவிட்டால் இது எங்கள் இரண்டு பேரோடு போயிருக்கும். காசியம்மாள் வந்தாள். எங்கள் தெருவில் யாரோ ரேடியோ போட்டிருக்கிறார்கள், அது பாடியிருக்கிறது. மில்லில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.

"இன்னா நயினாரே, கரண்டு வந்துடுச்சா இல்லியா? ரேடியோ பாடுது, உங்க ரம்பம் கத்தலியே?"

"வரல. வந்தா ஓடுமில்ல" என்றார் நயினார், நிமிராமல்.

"வந்துடுச்சு" என்றேன் நான்.

அவள் கட்டைகளைப் பிடுங்க ஆரம்பித்த பிறகு நயினாரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

நயினார் நிமிர்ந்தார். என் பல்பைப் பார்த்தார். திரும்பி ஸ்விட்சுக் கைப்பிடியைப் பார்த்தார். அது மேலேதான் இருந்தது. பிறகு தன் கையைப் பார்த்தார். விரல்களை ரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒட்டிக்கொண்டதைப் பிய்க்கிறவர் மாதிரி எடுத்தார். தசரதன் மோட்டார் எரிந்துவிட்டதோ என்று குனியப்போனான்.

"மிஷினுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள் தர்மதேவி.

தூக்குக் கேரியரின் மேல்தட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். மூன்று வெள்ளைக் கட்டைகள்.

காசியம்மாளுக்குக்கூட ஏதோ புரிந்து, வெற்றிலையை மெல்லாமல் நின்றாள். கடைசியில் அவர் கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"எத்தினி நாளா?"

"அமாவாசைலேந்து."

நாளைக்குப் பௌர்ணமி. அவர் மனசுக்குள் நாட்களைத் திருப்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஒவ்வொரு சாயங்காலமும், பக்கத்தில் உட்கார்ந்து அவள் காய் ஆய்ந்ததும் மல்லாட்டை உரித்ததும். கோபம் வரப்போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எழுந்துபோய்க் கைப்பிடியைக் கீழே இறக்கினார்.

"டைலரே, இனிமே ஒன் பல்பு எரிஞ்சா ஒரு குரல் குடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சரி என்றேன்.

"சாப்டுங்க. பொழுது இருக்குது" என்றாள் அவள்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. வடிகட்டிய தண்ணீரை அவர் கையில் ஊற்றினாள். பாதித் தண்ணீர் மரத்தூளில் போயிற்று. பயறுக் கடைசலைப் பிசைந்து எடுத்த முதல் கவளம் வாய்க்குப் போகாமல் தட்டிலேயே உதிர்ந்தது. அவள் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். இரண்டாவது கவளம் போயிற்று. தசரதன் அவசரப்படுத்தாமல் பலகைமேல் உட்கார்ந்திருந்தான். லாட்ஜ்காரர் ஆள் அனுப்பியும் அவன் எழுந்திருக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் நயினார் கட்டைகளுக்காகக் கையை நீட்டினார். அவள் கட்டைகள் இருந்த மேல்தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு கையயும் காட்டுங்க."

தெருவில் அத்தனை பேர் நிற்கிறோம். மரம் அறுக்கக் கொடுத்தவன் கத்தினாலும் அசையாத மனுஷன், ஈரம் காயாத இரண்டு கையையும் விரித்து நீட்டினார். அவள் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே எண்ணினாள். பாதியில் தப்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பத்து" என்று சொல்லிவிட்டுத்தான் கட்டைகளைக் கொடுத்தாள்.